அம்மா கை, ராக்கு அத்தை கை

ஏப்ரல் 28, திங்கள்

தோல் டாக்டர் சொன்னதால் இதை எழுதுகிறேன். என் உள்ளங்கை இரண்டும் வெடித்துப் பாளம் பாளமாக உரிகிறது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவுகிறேன், எதனால் கழுவுகிறேன் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார். என் விரலைத் தொட்டுப் பார்த்த கையாலேயே பேனாவைப் பிடித்து மருந்துச் சீட்டு எழுதினார் அந்த மனுஷன். சீட்டை நுனியில் பிடித்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இன்றைக்கு இருபத்திரண்டு தடவை. காரணம் ஒன்றுதான், ஆதிரை. பத்து வயசு. லீவு விட்டு மூன்று நாள் ஆகவில்லை, அதற்குள் வீடு வீடாக இல்லை. சமையலறைச் சாமான்களை வைத்தே அறிவியல் செய்யலாம் என்று அவள் அப்பா ஒரு புத்தகம் வாங்கிக் கொடுத்துவிட்டு ஆபீசுக்குப் போய்விடுகிறார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எல்லாவற்றையும் செய்யப்போகிறாளாம். இன்றைக்குச் சோள மாவில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தாள். குத்தினால் கெட்டியாகிறது, கையை எடுத்தால் சளி மாதிரி ஒழுகுகிறது. சீ.

"அம்மா, ஒரே ஒரு குத்து குத்திப் பாரேன்."

"அதைக் கீழ கொட்டிட்டு மறுவேலை பாரு."

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த முத்துராக்குதான் வந்து குத்தினாள். "அய்யே, என்ன பாப்பா இது, சின்னப் புள்ள மூக்கு கெணக்கா ஒழுகுது" என்று இரண்டு பேரும் ஒரே சிரிப்பு. ராக்கு எங்கள் வீட்டில் நான்கு வருடமாக வேலை செய்கிறாள். இதே அடுக்குமாடியில் அவளுக்கு இன்னும் நாலு வீடு உண்டு. அவள் டம்ளரைப் பின்பக்கப் பால்கனியில் தனியாக வைத்திருக்கிறேன். இதைப் படித்து டாக்டர் வேறு மாதிரி நினைக்க வேண்டாம். இது சுத்தம் சம்பந்தப்பட்டது, வேறு ஒன்றும் கிடையாது.

மே 1, வியாழன்

வினிகரில் முட்டையைப் போட்டு மூன்று நாள் வைக்க வேண்டுமாம். ஓடு கரைந்து முட்டை ரப்பர் பந்தாகிவிடுமாம். என் ஊறுகாய் ஜாடியைத்தான் அதற்கு எடுத்திருக்கிறாள். மேலே பழுப்பு நிறத்தில் நுரை. கதவைத் திறந்தால் குடலைப் பிடுங்குகிற நாற்றம். பத்தொன்பது தடவை.

மே 3, சனி

முட்டை துள்ளுமா என்று பார்த்தார்கள். சோபாவில். இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

மே 5, திங்கள்

உருப்படியாக ஒன்று செய்கிறாள். எந்தக் கை சுத்தம் என்று கண்டுபிடிக்கிற சோதனை. ஐந்து ரொட்டித் துண்டு. ஒன்றை யாரும் தொடக் கூடாது. மூன்றில் ஆளுக்கொரு தடவை உள்ளங்கையை வைத்து அழுத்த வேண்டும், இன்னொன்றால் என் போனைத் தேய்க்க வேண்டும். ஒவ்வொன்றையும் ஒரு ஜிப் கவரில் போட்டு மூடி வைத்தால், எது அழுக்கோ அது முதலில் பூசணம் பூக்கும். பூசணம் என்று எழுதும்போதே உடம்பு கூசுகிறது. ஆனாலும் பிள்ளைக்குச் சுத்தம் என்றால் என்னவென்று புரியட்டுமே என்று சம்மதித்தேன்.

ஆதிரை இட்லிப் பானை இடுக்கியால் ரொட்டியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

"ராக்கு அத்தை, கை வைங்க."

"வேணாம் பாப்பா. தின்கிற பண்டத்துல நான் கை வச்சா அம்மா வையும்."

"வைக்கட்டும், வைக்கட்டும். எதுக்குச் சோப்புப் போடணும்னு பிள்ளை தெரிஞ்சுக்கட்டும்" என்று நான் ஹாலில் இருந்தே சொன்னேன்.

சத்தமாகத்தான் சொன்னேன். ராக்கு தேய்த்த பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு, கையை அலசி இரண்டு உதறு உதறி, காயும் வரை பால்கனி வெயிலில் நீட்டிக்கொண்டு நின்றாள். பிறகு வைத்தாள். நானும் நன்றாகக் கழுவி, இடுப்பில் செருகியிருந்த கைப்பிடித் துணியில் துடைத்துவிட்டு வைத்தேன். ஆதிரை விளையாடிவிட்டு வந்த கையோடு வைத்தாள். ஐந்தாவது, என் போனைத் தேய்த்தது.

ஸ்கெட்ச் பேனாவால் பெரிது பெரிதாக எழுதி டேப் போட்டு ஒட்டியிருக்கிறாள். தொடாதது. அம்மா கை. ராக்கு அத்தை கை. என் கை. அம்மா போன். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்து அலமாரியில் வரிசையாக நிற்கிறது. முடிவு என்ன வரும் என்று எனக்கு இப்போதே தெரியும். பிள்ளையின் ஆசையைக் கெடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை.

மே 9, வெள்ளி

ஒரு கவரில் ஒரு பச்சைப் புள்ளி. 'அம்மா கை'யில்.

கடைக்காரன் பழைய ரொட்டியைத் தலையில் கட்டியிருக்கிறான்.

மே 11, ஞாயிறு

என்னுடையது பாதிக்கு மேல் போய்விட்டது. நடுவில் கறுப்பு, சுற்றிலும் பச்சை, ஓரத்தில் வெள்ளை மயிர் மாதிரி என்னவோ எழும்பி நிற்கிறது. போன் இரண்டாமிடம், ஆதிரை மூன்றாமிடம். ராக்குவுடையது தொடாத ரொட்டிக்குச் சமமாக வெள்ளை வெளேரென்று இருக்கிறது.

ஆதிரை தினமும் ஸ்கேல் வைத்து அளந்து நோட்டில் எழுதுகிறாள். ராக்கு வந்ததும் வராததுமாக இழுத்துக்கொண்டு போய்க் காட்டுகிறாள். "இதுதான் உங்களுது அத்தை, பாருங்க, ஒண்ணுமே இல்ல." ராக்கு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். இவரும் சிரித்தார். "இருபத்திரண்டு தடவை கழுவின கையாக்கும்" என்றார். சோற்றைப் பிசைந்த கையைத் தட்டிலேயே உதறிவிட்டு எழுந்துவிட்டேன்.

மே 12, திங்கள்

ஆதிரைக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டதாம். என் இடுப்பில் இருந்த கைப்பிடித் துணியை உருவிக்கொண்டு போய் ஒரு புது ரொட்டியில் ஒற்றி எடுத்து ஆறாவது கவரில் போட்டுவிட்டாள். அந்தத் துணியால்தான் குக்கரைப் பிடிக்கிறேன், மேடையைத் துடைக்கிறேன், தட்டைத் துடைக்கிறேன், கையையும் துடைக்கிறேன். ஊரில் எல்லாப் பொம்பளையும் அதைத்தான் செய்கிறாள். தினம் துவைக்கிறேன். சரி, ஒன்றுவிட்டு ஒரு நாள்.

மே 15, வியாழன்

ஆறாவது கவர் மூன்றே நாளில் எல்லாவற்றையும் முந்திவிட்டது. பச்சை மட்டும் இல்லை, ஆரஞ்சும் இருக்கிறது.

"அம்மா கை அழுக்கு இல்லம்மா. நீ கழுவிட்டு அந்தத் துணியில துடைக்கிற. ராக்கு அத்தை துடைக்கல, வெயில்ல காயவிட்டாங்க. அதான்" என்றாள். ஏதோ எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி. அந்தத் துணியை இடுக்கியால் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு வந்து வாந்தி எடுத்தேன். நான்கு வருடமாக அதில் துடைத்த தட்டில்தான் மூன்று பேரும் சாப்பிட்டிருக்கிறோம்.

இதை ஞாயிற்றுக்கிழமை கீழே ஹாலில் நடக்கிற குழந்தைகள் அறிவியல் காட்சியில் வைக்கப்போகிறாளாம். அசோசியேஷன் செயலாளர் ஹேமலதாதான் நடத்துகிறாள். இந்தக் கட்டடத்தில் எனக்கு என்று ஒரு பேர் இருக்கிறது. மூன்றாம் மாடி சியாமளா வீட்டுத் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம் என்பார்கள். அறுபது குடும்பம் வந்து, 'அம்மா கை' என்று கொட்டை எழுத்தில் எழுதின அந்தக் கண்ணராவியைக் குனிந்து பார்க்கும். முட்டையை வைக்கலாமே என்றேன். முட்டை உடைந்துவிட்டது என்றாள்.

மே 17, சனி

ஆதிரைக்குக் காய்ச்சல். நூற்றிரண்டு. படுத்த படுக்கையிலும் ரொட்டியைப் பற்றியே பேச்சு. நான் எடுத்துக்கொண்டு போய் வைக்கிறேன், கேட்பவர்களுக்கு நானே விளக்கிச் சொல்கிறேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் மாத்திரை போட்டாள்.

மே 18, ஞாயிறு

கொண்டுபோய் வைத்தேன். துணியை ஒற்றின ஆறாவது கவரை எடுத்துப் போகவில்லை, ஐந்தே போதும். லிஃப்டில் ஒரே வெக்கை. டேப் இளகி இரண்டு லேபிள் கழன்றுவிட்டது. அவசரத்தில் திரும்ப ஒட்டினேன். கூட்டத்தில் யாரும் சரியாகக் கவனித்திருக்க மாட்டார்கள்.

முதல் பரிசு. ஹேமலதா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போட்டோ எடுத்தாள். "பாத்தீங்களா, நம்ம வீட்டுக்கு வர்றவங்க கை எந்த லட்சணத்துல இருக்குன்னு. இதைத்தான் நான் தலைதலையா அடிச்சுக்கிறேன்" என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கவர்களைக் கீழேயே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

பரிசுக் கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆதிரை தூங்குகிறாள். இன்று எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

மே 20, செவ்வாய்

ராக்கு வந்து பாத்திரத்தைத் தொடாமல் நின்றாள்.

"ஹேமலதாம்மா நாளைலருந்து வர வேணாம்னுட்டாங்க அக்கா. எதுத்த வீட்டுலயும் நின்னுக்கோன்னுட்டாங்க. ரெண்டாம் மாடி டீச்சரம்மா, கைக்கு உறை மாட்டிட்டு வந்தா வா, இல்லாட்டி வராதங்கறாங்க."

"ஏனாம்?" என்று கேட்டேன். கேட்டேனே, அந்த வாயை எதால் கழுவுவது.

"நான் தொட்ட ரொட்டி பூசணம் பூத்துப்போச்சாம். போன்ல படம் காட்டுறாங்க."

குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "பாப்பா தெனமும் காட்டுச்சுல்ல அக்கா, நான் தொட்டது எதுன்னு. சனிக்கெழம வரைக்கும் வெள்ளையாத்தான இருந்துச்சு."

"கடைசி நாள்ல மாறியிருக்கும்."

"ம். மாறியிருக்கும்."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு எல்லாப் பாத்திரத்தையும் எப்போதும் போலப் பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் போனாள். ஒரு பாத்திரத்தையாவது நங்கென்று வைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலாம் போல இருந்திருக்கும்.

மே 21, புதன்

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது மூன்று நாள் தாங்கியது. காய்ச்சல் விட்டதும் ஆதிரை விளையாட என் போனை எடுத்தாள். அடுக்குமாடி வாட்ஸ்அப் குரூப்பில் ஹேமலதா எடுத்த படம் இருந்தது.

"அம்மா, லேபிள் மாறியிருக்கு."

"ஆமா, டேப் இளகிப்போச்சு."

"நான் சுத்திச் சுத்தி ஒட்டியிருந்தேனே."

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் நோட்டை எடுத்துவந்து என் முன்னால் விரித்து வைத்தாள். ஒவ்வொரு நாளும் எத்தனை சென்டிமீட்டர் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தாள். "இதைப் போட்டோ எடுத்து குரூப்புல போடட்டா?" என்றாள். நான் வெடுக்கென்று போனைப் பிடுங்கினேன். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். கரப்பான் பூச்சியை நான் அப்படித்தான் பார்ப்பேன்.

டேப் எங்கேயும் இளகவில்லை. மூன்றாம் மாடிக்கும் தரைத்தளத்துக்கும் நடுவில் லிஃப்டை நிறுத்தி, நகத்தால் கிள்ளிப் பிய்த்தேன். முதலில் என்னுடையதை, பிறகு ராக்குவுடையதை. கிழியாமல் எடுக்க வேண்டும் என்று நிதானமாகத்தான் எடுத்தேன். ராக்குவை நான் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. ஹேமலதா மூக்கைச் சுளிப்பாளே என்றுதான் நினைத்தேன்.

மதியம் மூன்று மணிக்கு குரூப்பில் நானே போட்டேன். "ஞாயிற்றுக்கிழமை காட்டிய ரொட்டிகளில் லேபிளை மாற்றி ஒட்டியது நான்தான். பூசணம் பூத்தது என் கை பட்டது. முத்துராக்கு தொட்டது கடைசி வரை சுத்தமாக இருந்தது. அவரை வேலையை விட்டு நிறுத்தியவர்கள் தயவுசெய்து திரும்பக் கூப்பிடுங்கள்." எழுதி அனுப்பிவிட்டு, காறித் துப்பட்டும் என்று காத்திருந்தேன்.

முதலில் கும்பிடுகிற கை வந்தது. பிறகு வரிசையாக இதயம். ஹேமலதா எழுதினாள்: "வேலை செய்யறவளுக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்கிற மனசு யாருக்கு வரும்? சியாமளா மேடம் கிரேட்." டீச்சரம்மா எழுதினாள்: "உங்க கை அழுக்குன்னு சொன்னா நாங்க நம்பணுமா மேடம்? அவ வந்து அழுதிருப்பா. ரொம்ப இளகாதீங்க." அதற்கும் இருபது இதயம்.

ராக்குவை யாரும் கூப்பிடவில்லை.

மே 22, வியாழன்

ஹேமலதாவுக்குப் போன் செய்து, சத்தியமாக நான்தான் மாற்றினேன் என்றேன். சிரிக்கிறாள். "போதும் மேடம், உங்க நல்ல மனசு எங்களுக்குத் தெரியாதா? ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல உங்களுக்குப் பொன்னாடை போர்த்தலாம்னு முடிவு பண்ணியாச்சு" என்றாள். பொய் சொன்னபோது ஒரு நொடியில் நம்பினார்கள். உண்மையைத் தலைகீழாக நின்று சொன்னாலும் எடுபடவில்லை. த்தூ.

நேற்றிலிருந்து என்னோடு பேசாத ஆதிரை ராத்திரிச் சாப்பாட்டில் வாயைத் திறந்தாள். "அந்த மீட்டிங்லயே திரும்பச் செய்வோம். எல்லாருக்கும் முன்னாடி நீயும் ராக்கு அத்தையும் கை வைங்க. கவரை வாட்ச்மேன் தாத்தாகிட்டக் குடுத்துப் பூட்டி வைக்கச் சொல்லலாம். ஒரு வாரத்துல தெரிஞ்சிரும்." நல்ல யோசனை. அவளுக்கு எதிரில் உட்கார்ந்து ஐந்து நாள் கழித்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். ராக்குவுக்குப் போன வீடுகள் திரும்பக் கிடைத்துவிடும்.

மே 23, வெள்ளி

ராக்கு பாத்திரத்தை முடிக்கும் வரை காத்திருந்து சொன்னேன். நான் செய்தது எல்லாவற்றையும் சொன்னேன், லிஃப்டு முதல். அவள் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"அன்னிக்கே தெரியும் அக்கா. நீங்க மாறியிருக்கும்னு சொன்னப்பவே."

ஞாயிற்றுக்கிழமை வந்து இன்னொரு தடவை கை வைத்தால் போதும், எல்லார் வாயும் அடைந்துவிடும் என்றேன். கையை அலசிக்கொண்டே தலையை ஆட்டினாள்.

"வேணாம்க்கா."

"உனக்காகத்தான் ராக்கு சொல்றேன்."

"தெரியுது. பாப்பா கேட்டுச்சுன்னு வெளையாட்டுக்கு வச்சேன். இப்பவும் அது கேட்டா பத்து ரொட்டியில வைக்கிறேன். நாலு பேரு முன்னாடி நின்னு என் கை சுத்தம்னு காட்டுறதுக்கு வைக்க மாட்டேன்." குரல் உயரவே இல்லை. "நாலு வருசமா இந்தக் கை கழுவுன தட்டுலதான அக்கா சோறு தின்கிறீக. உங்களுக்கு ஒண்ணும் வந்துரலயே. அது பத்தாதுன்னு ரொட்டி வந்து சாட்சி சொல்லணுமாக்கும்?"

ஆதிரை வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பைபாஸ் ரோட்டு மெஸ்ஸுல காலையில இட்லி ஊத்த, மதியம் பரிமாறக் கூப்பிட்டிருக்காக. நாளைலருந்து அங்கிட்டுப் போறேன். வேற ஆள் பாத்துக்கங்க அக்கா" என்றாள். போகும்போது ஆதிரையின் கன்னத்தை வழித்து முத்தம் வைத்தாள். "மெஸ்ஸுக்கு வா பாப்பா, என் கையால நாலு இட்லி தின்னுட்டுப் போ" என்றாள். ஆதிரை வருகிறேன் என்றாள். என்னை யாரும் கூப்பிடவில்லை.

மே 25, ஞாயிறு

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். பிறகு, நேரில் சொன்னால் நம்புவார்கள் என்று போனேன். மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். எந்த லேபிளை முதலில் பிய்த்தேன், ஏன் பிய்த்தேன், ராக்குவுக்கு எத்தனை வீடு போயிற்று, இப்போது எங்கே போய்விட்டாள். ஒன்றை விடவில்லை. எனக்கு என் பேர்தான் பெரிதாக இருந்தது, அதற்காக ஒருத்தி பிழைப்பில் மண்ணைப் போட்டேன் என்றும் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

கை தட்டினார்கள். முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஹேமலதா என் வெடித்த கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு, "இந்த அடக்கத்தை நம்ம பிள்ளைங்க கத்துக்கணும்" என்றாள். பச்சைப் பட்டில் ஜரிகை போட்ட பொன்னாடை. குனிந்து வாங்கிக்கொண்டேன்.

லிஃப்டில் ஆதிரையும் நானும் மட்டும்தான்.

"வேணாம்னு சொல்லியிருக்கலாம்லம்மா?" என்றாள்.

சொல்லியிருக்கலாம். ராக்கு சொன்னாள்.